கலிப்பரைத் தாங்கும் பிறக்கற்

அன்பான தோட்டத்துச் சகோதரர்களே,

நாங்கள் பருத்தித்துறைக்காரர். உப்புக்காத்து வாகனத்தின் அடியை அரிக்கும் ஊர் எங்கட ஊர். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களுக்கு ட்ரம் பிறேக். இந்தத் தொல்லை இல்லை. இப்போதைய கார்களுக்கு முன்சில்லில் டிஸ்க் பிறேக். அதன் கலிப்பரைத் தாங்குவது பிறக்கற். கலிப்பர் அசைந்து கொடுக்கிற ஊசி அதிலே துருப்பிடித்து இறுகினால், ஒரு பாட் மட்டும் தேயும், சில்லு சுடும். உங்கட மலை இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து.

பிறக்கற்றை மாற்றும்போது ஜக்கை மட்டும் நம்பாதீங்கோ, ஸ்டாண்டும் வையுங்கோ. கழற்றிய கலிப்பரை ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கோ. ஊசிக்குக் கண்ட கிறீஸும் பூசினால் ரப்பர் ஊதிவிடும். பிறேக் கிறீஸ்தான் வேணும். பிறக்கற்றின் இரண்டு போல்ட்டையும் கைப்புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்குங்கோ. வண்டியை எடுக்க முதல் பெடலைப் பல தரம் மிதியுங்கோ. முதல் மிதி வெறுமையாய் உள்ளே போகும்.