காலை இருட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்



பதின்ம வயதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். குரல் உடைவது, முகப்பரு, பூப்பெய்துவது, பெற்றோரிடம் எரிந்து விழுவது, நண்பன் சொன்னதே வேதமாவது என்று பேச எவ்வளவோ உண்டு. நான் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றச் சிக்கல்களில் பாதியாவது அங்கேதான் முற்றுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்கப்பூரின் இந்த ஜூரோங்கில் காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் மின்தூக்கியில் ஏறிப் பாருங்கள். சீருடையில் ஒரு பையன் நிற்பான். தலையில் ஈரம் காய்ந்திருக்காது. முதுகில் பை, கையில் கடித்தும் கடிக்காத ரொட்டி. சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பான். கீழே இறங்கினால் வெளியே கும்மிருட்டு.

ஏன் இருட்டு? நம் தீவில் சூரியன் உதிக்கவே ஏறத்தாழ ஏழு மணி ஆகிறது. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. அன்று முதல் நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. சென்னையில் ஏழரை மணி என்றால் நல்ல வெயில். இங்கே பள்ளி மணி அடிக்கும் அதே ஏழரை, சூரியக் கணக்கில் ஆறரைகூட ஆகாத விடியற்காலை.

வெளியே நிலைமை இப்படி என்றால், பிள்ளையின் உடலுக்குள் இருக்கும் கடிகாரம் எதிர்ப்பக்கம் நகர்கிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலட்டோனின் என்னும் சுரப்புநீர், பருவமடையும் வயதில் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்கும். அமெரிக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் பல்லாண்டு உழைத்து இதை நிறுவியிருக்கிறார். பத்து வயதில் ஒன்பது மணிக்கே சோபாவில் தூங்கி விழுந்த மகளுக்குப் பதினான்கு வயதில் பதினொரு மணி ஆனாலும் கொட்டாவி வராது. அதைத் திமிர் என்கிறோம், கைப்பேசிப் பைத்தியம் என்கிறோம். கைப்பேசிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டாலும் அந்தச் சுரப்பு முன்கூட்டி வந்துவிடாது.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. பதினொன்றரைக்குப் படுத்து ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் ஆறேகால் மணி நேரம்தான். உணர்ச்சியை அடக்கி யோசிக்க வைக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. அதுவே அரைகுறையாக இருக்கும் வயதில் தூக்கத்தையும் பறித்தால், ஒரு சொல்லுக்குக் கதவை அறைந்து சாத்தும் பிள்ளைதான் மிஞ்சும்.

பள்ளி நேரத்தைத் தள்ளிவைத்தால் பலன் உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, 2016 ஜூலையில் தொடங்கும் நேரத்தை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் மைக்கேல் சீ, ஜூன் லோ குழுவினர் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது மாதம் கழித்தும் அவர்கள் பள்ளி நாள்களில் பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். பகல் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் தேறியது. பத்து நிமிடம்தானே என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். தேர்வுக்கும் துணைப்பாடத்துக்கும் பெயர்போன ஊரில், அந்தப் பத்து நிமிடத்தைத் தக்கவைத்ததே பெரிய காரியம்.

ஜூரோங் மக்களுக்குத் தூக்கத்தின் அருமையை நான் விளக்கத் தேவையே இல்லை. 1961இல் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டை எழுப்பத் தொடங்கிய வட்டாரம் இது. இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பாவைக் காலை ஒன்பது மணிக்கு எழுப்பிக் கணக்குப் போடச் சொல்வோமா? திரைச்சீலையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து, தம்பி தங்கையை வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்வோம். அந்த மரியாதை பதினைந்து வயதுப் பிள்ளையின் உடம்புக்கும் உரியது.

2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் கைப்பேசிக்குத் தடை வந்திருக்கிறது. பள்ளி தரும் கற்றல் சாதனங்களும் இரவு 10.30க்கு அடங்கிவிடும்படி மாற்றப்பட்டுள்ளன. நல்ல முடிவு, வரவேற்கிறேன். மீதி நம் கையில் இருக்கிறது.

பெற்றோரே, இரவு எட்டு மணிக்கு மேல் துணைப்பாட வகுப்பு வைக்காதீர்கள். வீட்டில் எல்லாருடைய கைப்பேசியும், உங்களுடையதும் சேர்த்து, கூடத்தில் மின்னேற்றட்டும். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் விட்டுவிடுங்கள், சோம்பேறி என்று ஏசாதீர்கள். பள்ளி நிர்வாகிகளே, எட்டேகாலுக்குத் தொடங்க முடியும் என்று ஒரு பள்ளி காட்டிவிட்டது. உங்கள் பள்ளியில் ஏன் முடியாது என்று ஒருமுறை கூடிப் பேசுங்கள்.

இளையர்களே, தூக்கமே வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் நாள்கள் போனால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 1767 என்ற எண்ணை அழையுங்கள். சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ் அமைப்பினர் இருபத்து நான்கு மணி நேரமும் அந்த எண்ணில் இருக்கிறார்கள்.