பன்னாட்டு வணிகச் சட்டமும் நம் இளைஞர்களும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சட்டம் பயிலும் ஆவல் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். பெருமகனார் என். சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கி, 1945இல் சென்னை மாநகரின் மேயராகவும் அமர்ந்தவர். இத்தகையோரைக் கண்டே நம் இளைஞர்கள் கறுப்பு அங்கி அணிந்தனர். ஆயினும் அவருள் பெரும்பாலோர் நாடுவது குற்றவியல் நீதிமன்றத்தையே. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுத்து வாதாட நம்மவர் இன்னும் பலர் வேண்டும். ஆனால் நம் மக்களின் அன்றாடக் கூலியைத் தொடும் வேறொரு சட்டமும் உண்டு. அதன் பக்கம் நாம் திரும்பிப் பார்த்தது அரிது. அதுவே பன்னாட்டு வணிகச் சட்டம்.

"அது பெருமுதலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் படிப்பல்லவா?" எனச் சிலர் வினவக்கூடும். ஆம்பூரையும் வாணியம்பாடியையும் இராணிப்பேட்டையையும் எண்ணிப் பாருங்கள். தோலை ஊறவைத்துப் பதனிடுவோரிலும், காலணியின் மேற்பகுதியைத் தைப்போரிலும் நம் சகோதர சகோதரிகள் எத்தனை பேர்! அங்குத் தைத்த காலணி கடல் கடந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்குகிறது. அதனோடு ஒரு கட்டுக் காகிதமும் பயணம் செய்கிறது. காலணியைச் செய்த கை நம்முடையது. காகிதத்தை எழுதிய கை வேறு.

அக்காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? 'எஃப்.ஓ.பி. சென்னை' என்று மூன்றெழுத்தும் ஓர் ஊர்ப் பெயரும் இருக்கும். சரக்கு சென்னையில் கப்பலேறிய பின் நேரும் இழப்பு வாங்குபவரைச் சாரும் என்பது அதன் பொருள். 'சி.ஐ.எஃப். ஹாம்பர்க்' என்றிருந்தால், ஹாம்பர்க் வரையிலான கப்பல் கூலியையும் காப்பீட்டுத் தொகையையும் விற்பவரே கட்டவேண்டும். ஆனால் இழப்பின் பொறுப்போ அப்போதும் சென்னையில் கப்பலேறியதுமே கைமாறிவிடும்! படித்தவரும் இடறும் இடம் இது. இச்சொற்களுக்குப் பன்னாட்டு வணிகக் கழகம் 1936 முதல் விளக்கம் வெளியிட்டு வருகிறது. அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு இன்று வழக்கில் உள்ளது.

அடுத்து, வணிகர் 'எல்.சி.' எனக் கூறும் வங்கிக் கடனுறுதிக் கடிதம். இதில் வங்கி பார்ப்பது காகிதத்தை; காலணியை அன்று. சரக்கு பழுதின்றிப் போய்ச் சேர்ந்திருந்தாலும், கப்பல் ரசீதில் உள்ள விவரம் கடிதத்தில் கேட்டதற்கு முரணாக இருந்தால் வங்கி பணம் தர மறுக்கலாம். ஏற்றுமதியாளரின் பணம் இவ்வாறு முடங்கும்போது யார் வயிற்றில் முதல் அடி விழும் என்பதை இங்கு அமர்ந்திருப்போர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

வழக்கு மூண்டால் எந்நாட்டுச் சட்டம் செல்லும்? சரக்கு விற்பனை பற்றி 1980இல் வியன்னாவில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. ஜெர்மனி அதில் உண்டு. இந்தியா இன்றுவரை சேரவில்லை. எனினும் 'ஜெர்மானியச் சட்டமே செல்லும்' என ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பின், வேறுவிதமாகக் கூறாதவரை, நாம் சேராத அந்த உடன்படிக்கை நம் ஊர்ச் சரக்கையும் ஆளும். சிங்கப்பூரில் நடுவர் அளித்த தீர்ப்பை நம் நாட்டு நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்றவும் இயலும். 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையை இந்தியா 1960இல் ஏற்றது. இன்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்கிறது.

இவையெல்லாம் முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான வழக்குகள்தாமே என்பீர்களாயின், இன்னொன்றும் கேளுங்கள். ஜெர்மனியில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டுப் பெருநிறுவனங்கள் தமக்குச் சரக்கு அனுப்பும் அயல்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் மனித உரிமை மீறப்படாமல் கவனிக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்டோர் முறையிட வழி வைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. சமூகப் பிறப்பை வைத்து வேலையில் பாகுபாடு காட்டுவதும் அதில் தடை செய்யப்பட்டது. அச்சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகளும் பின்னர் எழுந்தன. அது இருக்கட்டும். ஆம்பூரில் தைக்கும் பெண்ணின் முறையீட்டை ஹாம்பர்க் நிறுவனத்திற்கு எழுதித்தர நம்மிடையே எத்தனை வழக்கறிஞர் உளர்?

இனிப் படிக்கும் வழி. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அது ஆங்கிலத்தில் நடைபெறுவது. தமிழ் வழியில் பயின்றோர் இதைக் கேட்டு அஞ்ச வேண்டா. ஒப்பந்த ஆங்கிலம் மேடை ஆங்கிலம் அன்று. சரளமாகப் பேசுவோர் பலர் ஒப்பந்தத்தின் ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காண அறியார். நன்னூல் படித்துப் புணர்ச்சி பிரிக்கக் கற்ற மாணவனுக்கு அது கைவரும் என்பதே நம் துணிபு.

மேற்படிப்புக்கு அயல்நாடு செல்வோர்க்கு நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் ஆகியவற்றை ஆராய அத்தொகை இல்லை என 2022இல் விதி வகுத்தனர். அவ்விதி நமக்கு உடன்பாடன்று. நம் வரலாற்றை நாம் ஆராய்வதற்கு ஏன் தடை? ஆனால் நம் பிள்ளைகள் தம் சமுதாயத்தைப் பற்றி மட்டுமே படிக்கவேண்டும் என்பதும் இல்லை. அண்ணல் 1923இல் இலண்டனில் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' நாணய மாற்றுப் பற்றிய நூலே ஆகும்.

முதற்படியாக 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தையும் நம் கழக நூலகத்தில் வாங்கி வைக்கச் செயலாளர் இசைந்துள்ளார். ஞாயிறு மாலைகளில் அமர்ந்து படிக்க விரும்பும் மாணவ மாணவியர், கூட்டம் முடிந்ததும் அவரிடம் தம் பெயரைக் கொடுக்கலாம்.