சந்தையைக் காக்கும் பணியில் நம் பிள்ளைகள்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவை ஒட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு விழாவில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜும்ஆவுக்குப் பின் நம் மஹல்லாவைச் சேர்ந்த பட்டதாரி இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், ரிசர்வ் வங்கி அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டார். அது என்ன பணி என்று நாம் விசாரிக்கவில்லை. "வங்கி என்றாலே வட்டிதானே, வேண்டாம் தம்பி" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டோம். அதே மாதத்தில் "வட்டியில்லா ஹலால் முதலீடு" என்று அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தை ஒருவர் பள்ளிவாசல் வாயிலில் வினியோகித்தார். அதையும் நாம் விசாரிக்கவில்லை. நம் ஜமாஅத்தார் சிலர் அதில் பணம் கட்டி இழந்தார்கள். மகளின் நிக்காஹ்வுக்குச் சேர்த்த பணத்தை இழந்த ஒரு தாய் நம்மிடம் வந்து அழுதார். அந்த இளைஞருக்கோ தேர்வுக்குரிய வயது கடந்துவிட்டது. கேட்டவரை விசாரிக்காமல் தடுத்தோம். ஏமாற்றியவரை விசாரிக்காமல் விட்டோம். இரண்டும் நம் தவறே. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் சரிந்தது. ஹலால் முதலீடு என்று நம்பி அதில் பணம் போட்ட பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். அனுமதி பெறாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. கணக்கைப் படித்து, கள்ளத்தைக் கண்டறிந்து, உரிய நேரத்தில் தடுக்கும் ஆட்கள் வேண்டும். அந்தப் பணியைச் செய்பவையே அரசின் நிதி ஒழுங்குமுறை நிறுவனங்கள்.

மார்க்கத்தில் இதற்கு இடம் உண்டா?

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்த தானியம் உள்ளே நனைந்திருந்தது. அந்த ஏமாற்றைக் கடுமையாகக் கண்டித்தார்கள். சந்தையைக் கண்காணிக்கும் இப்பணி பின்னர் "ஹிஸ்பா" என்ற பெயரில் தனித் துறையாகவே வளர்ந்தது. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற கல்வியறிவு மிக்க பெண்மணியிடம் மதீனாச் சந்தையின் பொறுப்பில் ஒரு பகுதியை ஒப்படைத்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் சிலர் எழுதுகின்றனர். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? கடனை எழுதி வைப்பது பற்றியும் அதற்குச் சாட்சி வைப்பது பற்றியும்தான். நபி யூசுஃப் (அலை) அவர்கள் மிஸ்ரு நாட்டு மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம் தகுதிகளாக இரண்டைச் சொன்னார்கள்: பாதுகாக்கும் நேர்மை, அதற்கான அறிவு. பஞ்சம் வந்தபோது அந்த நாட்டு மக்கள் அனைவரும் அப்பொறுப்பால் பிழைத்தார்கள்.

என்னென்ன நிறுவனங்கள், என்னென்ன தேர்வுகள்?

ரிசர்வ் வங்கி 1935இல் தொடங்கப்பட்டு, 1949இல் நாட்டுடைமை ஆனது. அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் வங்கியன்று. ரூபாய் நோட்டு வெளியிடுதல், வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் கண்காணித்தல், வாடிக்கையாளர் புகார்களை விசாரித்தல் ஆகியவை அதன் பணிகளுள் அடங்கும். இதன் "கிரேடு பி" அதிகாரி தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 21 முதல் 30 வயது வரை. இளநிலைப் பட்டத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். முதல் கட்டத்தில் பொது அறிவு, ஆங்கிலம், கணிதம், தர்க்க அறிவு, இரண்டாம் கட்டத்தில் பொருளாதார சமூகப் பிரச்சினைகள், நிதி மற்றும் மேலாண்மை, ஆங்கிலக் கட்டுரை, பின்னர் நேர்காணல். உதவியாளர் பணிக்கு 20 முதல் 28 வயது. பட்டத்தில் 50 விழுக்காடு போதும். இதில் அந்தந்த மாநில மொழித் தேர்வும் உண்டு. சென்னை அலுவலகத்திற்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழே துணை நிற்கும்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 1988இல் அமைக்கப்பட்டு, 1992இல் சட்ட அதிகாரம் பெற்றது. இதன் உதவி மேலாளர் தேர்வுக்கு 30 வயதுக்கு உட்பட்ட முதுநிலைப் பட்டதாரிகளும், சட்டம், பொறியியல் படித்தவர்களும், பட்டயக் கணக்காளர்களும் விண்ணப்பிக்கலாம். காப்பீட்டுத் துறைக்கு ஹைதராபாத்தில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓய்வூதியத் துறைக்கு டெல்லியில் பி.எஃப்.ஆர்.டி.ஏ. ஆகியவை உள்ளன.

ஒரு முக்கியமான செய்தி. தமிழக அரசு 2007இல் வழங்கிய 3.5 விழுக்காடு முஸ்லிம் இடஒதுக்கீடு இத்தேர்வுகளுக்குப் பொருந்தாது. இவற்றுக்கு மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ், அதற்குரிய படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற குறிப்போடு வேண்டும். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் பிரிவினர் அந்தப் பட்டியலில் உள்ளனர். இச்சான்றிதழ் உள்ளவருக்கு வயதில் 3 ஆண்டு சலுகையும் கிடைக்கும். கடைசி நாளில் இ-சேவை மையத்திற்கு ஓடாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.

வட்டியின் கேள்வி

வட்டி ஹராம். அதை வாங்குவோர், கொடுப்போர் மட்டுமின்றி, எழுதுவோரையும் சாட்சி நிற்போரையும் நபிமொழி எச்சரிக்கிறது. இதில் நாம் ஓர் எழுத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை நிர்ணயிக்கிறது. வங்கிகளுக்கு வட்டிக்குக் கடன் தருகிறது. இதை மறைப்பதும் நேர்மையாகாது. ஆனால் மோசடியைத் தடுப்பதும், புகாரை விசாரிப்பதும் வட்டிப் பத்திரம் எழுதுவதும் ஒன்றாகா. எந்த நிறுவனம், எந்தப் பிரிவு, என்ன வேலை, பிற்பாடு எங்கே மாற்றுவார்கள் என்பவற்றை எழுதி எடுத்துக்கொண்டு, ஃபத்வா வழங்கத் தகுதியுள்ள உலமாக்களிடம் கேளுங்கள். சந்தைக் கண்காணிப்பையே முதன்மையாகக் கொண்ட செபியின் பணி ஹிஸ்பாவுக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து. பெயர்ப்பலகையைப் பார்த்து ஆகும் என்றும் ஆகாது என்றும் சொல்லிவிடாதீர்கள். நாம் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2008இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கி முறைக்கு வழி காண வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2017இல் அம்முயற்சியைத் தொடர்வதில்லை என ரிசர்வ் வங்கி தெரிவித்தது. இத்தகைய முடிவுகளுக்கு முன்னால் கோப்புகள் எழுதப்படுகின்றன, கணக்குகள் ஆராயப்படுகின்றன. நிதியும் தெரிந்து, மார்க்கமும் தெரிந்த எத்தனை பேரை நாம் அந்த அறைகளுக்கு அனுப்பியிருக்கிறோம்? 2006இல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையின்படி ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, ரயில்வேயில் 4.5 விழுக்காடு. 2001 கணக்கெடுப்பில் நம் மக்கள் தொகை 13.4 விழுக்காடு. இக்குறைவுக்குக் காரணங்கள் பல உண்டு. விண்ணப்பமே போடாமல் இருந்த நம் பங்கையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாகத்தாருக்கு நம் வேண்டுகோள்

ஒன்று, மதரஸாவின் மேல்மாடி அறையை இஷாவுக்குப் பின் படிப்பறையாகத் திறந்து, ஓர் ஆங்கில நாளிதழ் வாங்கித் தர வேண்டும். இரண்டு, தேர்வு அறிவிப்புகளை ஜும்ஆ அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டத்தில் உள்ள வங்கித் தேர்வுப் பயிற்சியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மூன்று, எந்த முதலீட்டுப் பிரசுரமும் நிர்வாகத்தின் அனுமதியின்றிப் பள்ளிவாசல் வளாகத்தில் வழங்கப்படக் கூடாது. ரிசர்வ் வங்கியின் "சசேத்" இணையதளத்தில் அந்த நிறுவனத்தைப் பற்றிப் பார்த்த பிறகே அனுமதி பற்றிப் பேச வேண்டும்.

அன்று நம்மிடம் கேட்ட அந்த இளைஞர் இன்று ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "என் தம்பி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான் ஹஜ்ரத், அவனுக்குச் சொல்லுங்கள்" என்றார். அந்தத் தம்பி இந்தச் சபையில் இருக்கிறார். அவருக்காகவும் அவரைப் போன்ற பிள்ளைகளுக்காகவுமே இவ்வளவும் சொன்னோம்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான ரிஸ்கையும், மக்களின் அமானிதத்தைக் காக்கும் நேர்மையையும் தந்தருள்வானாக! நம் தவறுகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.