ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர்
(ஆசிரியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



வகுப்பில் இரண்டு குமார்கள் இருந்தால் என்ன செய்வோம்? முன்னெழுத்தைச் சேர்த்து எஸ்.குமார், எம்.குமார் என்று அழைப்போம். ஒருவன் மதிப்பெண் மற்றவனுக்குப் போய்விடக் கூடாதல்லவா? அந்தக் கவனத்தை நான் கணினி ஆய்வகத்தில் காட்டவில்லை.

எங்கள் பள்ளியின் பத்துக் கணினிகளிலும் ஒரே நகலிலிருந்து லினக்ஸ் நிறுவப்பட்டிருந்தது. எனவே பத்துக்கும் ஒரே பெயர். ஒருநாள் என் மேசையிலிருந்தபடியே வலையமைப்பு வழியாக மூன்றாம் கணினிக்குள் நுழைந்து பழைய கோப்புகளை நீக்கினேன். முகவரியில் ஓர் எண் தவறியதால் நான் நுழைந்தது ஏழாம் கணினி. திரையில் தெரிந்த பெயர் ஒன்றே என்பதால் தவறு தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று வாரம் உழைத்த செயல்திட்டம் அழிந்தது. அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அன்று மாலையே பெயர்களை மாற்றினேன். வழி எளிது. கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் டெர்மினலைத் திறந்து 'ஹோஸ்ட்நேம்' என்று தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். இப்போதைய பெயர் தெரியும். விண்டோஸ் கட்டளைத் திரையிலும் இதே சொல் பெயரைக் காட்டும்.

லினக்ஸில் பெயரை மாற்ற, 'சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் லேப்-07' என்று தட்டி, கடவுச்சொல்லைக் கொடுங்கள். இந்த மாற்றம் நிலையானது. 'சூடோ ஹோஸ்ட்நேம் லேப்-07' என்று மட்டும் கொடுத்தால், கணினியை மீண்டும் தொடங்கியதும் பழைய பெயரே வந்துவிடும்.

அடுத்து, 'இடிசி' அடைவில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பைத் திறந்து பாருங்கள். 127.0.1.1 என்ற வரியில் பழைய பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். பிறகு டெர்மினலை மூடித் திறந்தால் புதிய பெயர் தெரியும்.

பெயரில் ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவை மட்டுமே இருக்கட்டும். இடைவெளி கூடாது, இணைப்புக்கோட்டில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. அதே பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கணினியின் மேலும் ஒட்டிவிடுங்கள்.

இப்போது எங்கள் பிள்ளைகள், "சார், லேப்-07இல் விசைப்பலகை வேலை செய்யவில்லை" என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். நானும் எதையும் நீக்கும் முன் 'ஹோஸ்ட்நேம்' என்று ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன். நாளை உங்கள் ஆய்வகத்தில் அந்த ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். எல்லாக் கணினியும் ஒரே பெயரைச் சொன்னால், அன்றே மாற்றிவிடுங்கள்.