ஐந்து சதவீதத்துக்காக அல்ல



'கிராஃபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது அறிவா, அழிவா?' என்பது பட்டிமன்றத் தலைப்பு. கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். அறிவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி அக்கா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். கிடைப்பது ஐந்து சதவீத வேகம். அதற்காகக் கார்டையே எரித்துக்கொள்கிறார்கள். கரண்ட் பில் எகிறுகிறது. கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா, உங்கள் முதல் குற்றச்சாட்டை நான் மறுக்கவே போவதில்லை. ஐந்து சதவீதம் என்று நீங்கள் சொன்னதே தாராள மனசு. பல கார்டுகளில் அதுகூடத் தேறாது.

ஒரு காலம் இருந்தது. 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, பெயருக்கேற்ப 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் சிப். மதர்போர்டில் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் நிறைய சிப்கள் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடின. காசு செலவில்லாமல் ஒன்றரை மடங்கு வேகம். அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. 2012-ல் ஜிடிஎக்ஸ் 680 கார்டோடு என்விடியா 'ஜிபியு பூஸ்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சூடு எவ்வளவு, வாட் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துக் கார்டு தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். கடையில் வாங்கிப் பெட்டியைப் பிரிக்கும்போதே அது பாதி ஓவர்கிளாக் ஆன சரக்குதான். நமக்கென்று விட்டுவைத்திருப்பது கொஞ்சம்.

"பிறகென்னய்யா, தோல்வியை ஒப்புக்கொண்டு உட்கார வேண்டியதுதானே?" என்பதுபோல் நடுவர் பார்க்கிறார். உட்கார மாட்டேன். ஓவர்கிளாக் செய்கிறவன் வேகத்தைத் தேடிப் போகிறான், உண்மைதான். ஆனால் போகிற வழியில் அவன் கண்டுபிடிப்பது வேறொன்று. கார்டின் எல்லை சிப்பில் மட்டும் இல்லை, அந்தச் சிப்பைத் தாங்கும் சர்க்யூட் போர்டிலும் இருக்கிறது என்பதை. கார்டைத் தொடவே பயப்படுகிற எதிரணி நண்பர்களையும் சேர்த்துக் காப்பாற்றுவது அந்தக் கண்டுபிடிப்புதான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடத்து ஓம் விதிதான். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வருவது 12 வோல்ட். சிப்புக்கு வேண்டியதோ ஏறத்தாழ 1 வோல்ட். சிப் 250 வாட் சாப்பிடுகிறது என்றால், 1 வோல்ட்டில் அது 250 ஆம்பியர். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சில்லுக்குள் 250 ஆம்பியர்! 12 வோல்ட்டை 1 வோல்ட்டாக இறக்குவது போர்டில் வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட்களும் காயில்களும் கெப்பாசிட்டர்களும். ஒரு மாஸ்ஃபெட் நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும். திறந்திருப்பது மொத்த நேரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. காயிலும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்பைச் சமன் செய்து சீரான 1 வோல்ட்டாகத் தருகின்றன. இப்படி ஒரு செட்டுக்கு ஒரு 'ஃபேஸ்' என்று பெயர். ஒற்றை ஃபேஸால் 250 ஆம்பியரைத் தாங்க முடியாது. அதனால் ஆறு, எட்டு, பத்து என்று வைக்கிறார்கள். பல்லக்குத் தூக்குகிறவர்கள் சுமையைப் பங்குபோட்டுக்கொண்டு, கால் மாற்றிக் கால் வைத்து, பல்லக்கு குலுங்காமல் நடப்பார்களே, அதே வித்தை. ஆள் குறைந்தால் இருக்கிறவன் தோள் வீங்கும்.

இனி ஒரு மில்லிஓமைப் பாருங்கள். ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண மல்டிமீட்டரில் அளக்கவே முடியாத தடை. ஃபேஸிலிருந்து சிப் வரை போகிற செம்புப் பாதையில் அவ்வளவு தடை இருந்தால், 250 ஆம்பியரில் கால் வோல்ட் வழியிலேயே காணாமல் போகும். வாட் கணக்கில் 62.5. இது சிப்புக்குப் போகாமல் போர்டைச் சூடாக்கிவிட்டுப் போகிற மின்சாரம். அதனால்தான் நல்ல போர்டில் செம்பு தடிமனாக இருக்கும், அடுக்குகள் பத்து பன்னிரண்டு இருக்கும், ஃபேஸ்களெல்லாம் சிப்பை ஒட்டி நிற்கும். கார்டில் மின்னுகிற விளக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விளக்குக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம், அது வேறு கதை.

இப்போது ஓவர்கிளாக் செய்கிறவன் வருகிறான். வேகத்தைப் பத்து சதவீதம் ஏற்றுகிறான், அதைத் தாங்க வோல்டேஜையும் பத்து சதவீதம் ஏற்றுகிறான். சிப்பின் மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 1.1-ஐ மூன்று முறை பெருக்குங்கள், 1.33. ஆக 250 வாட் 333 வாட் ஆகிறது. ஆம்பியர் 300-ஐத் தாண்டுகிறது. அதே ஒரு மில்லிஓம் பாதையில் வீணாவது 62 வாட்டிலிருந்து 91 வாட்டுக்கு மேல் போய்விடுகிறது. பத்து சதவீத வேகத்துக்கு வழிச்செலவு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. இதைப் புத்தகத்தில் படித்தால் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். மென்பொருளின் ஸ்லைடரைத் தன் கையால் நகர்த்தி, வாட் ஏறுவதையும் வேகம் ஏறாமல் முரண்டு பிடிப்பதையும் கண்ணால் பார்த்த மாணவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

"சரி, எரிகிறதே, அதற்கென்ன சொல்கிறாய்?" என்று அக்கா கேட்பார். 2011 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 590-ஐ எடுத்துக்கொள்வோம். வோல்டேஜை ஏற்றியவர்கள் கையில் அது புகைந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஏன் புகைந்தது? ஒரே போர்டில் இரண்டு சிப்கள். அதே ரக சிப், தனியாக ஜிடிஎக்ஸ் 580-ல் இருந்தபோது 772 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 590-ல் அதைக் கம்பெனியே 607-க்கு இறக்கித்தான் விற்றது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், இரண்டு எட்டு பின் பிளக்குகள் 150, 150, மொத்தம் 375 வாட்தான் விதிப்படி உள்ளே வரலாம். கார்டின் அறிவிக்கப்பட்ட செலவு 365. கைக்கு மிச்சம் பத்தே வாட்! சிப்பில் தெம்பு இருந்தது, போர்டில் இடம் இல்லை. புகை வந்த பிறகுதான் இந்தக் கணக்கை ஊரே போட்டுப் பார்த்தது. என்விடியாவும் மின்னோட்டப் பாதுகாப்பை டிரைவரில் இறுக்கியது.

அடுத்து எதிரணியின் பிரம்மாஸ்திரம் வரும். "கம்பெனி இன்ஜினியருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா?" நடுவர் அவர்களே, இன்ஜினியர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்களுக்கு மேலே விலைப்பட்டியல் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், தேதி குறிக்கிறவர் ஒருவர் இருக்கிறார்.

2016 ஜூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 480 வந்தது. ஆறு பின் பிளக் ஒன்று 75 வாட், ஸ்லாட் 75 வாட், கார்டின் செலவு 150 வாட். சொட்டுக்கூட மிச்சமில்லாத கணக்கு. மதர்போர்டு ஸ்லாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்று தனியாக அளந்து பார்த்தவர்கள், விதித்த அளவைத் தாண்டி இழுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஓவர்கிளாக் செய்யாமலேயே! ஜூலையில் ஏஎம்டி புது டிரைவர் வெளியிட்டு, சுமையில் ஒரு பகுதியை ஸ்லாட்டிலிருந்து பிளக் பக்கம் தள்ளியது. ஸ்லாட்டுக்கு ஒரு கணக்கு, பிளக்குக்கு ஒரு கணக்கு என்று பிரித்து அளக்க வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்? எல்லைகளோடு மல்லுக்கட்டிப் பழகியவனுக்குத்தான் தோன்றும்.

2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080. இந்தக் கதையை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், போர்டு வடிவமைப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. கார்டு 2 கிகாஹெர்ட்ஸை நெருங்கினால், விளையாட்டின் நடுவில் படக்கென்று நின்றுபோகிறது. பலர் கார்டைத் தொடவே இல்லை. பூஸ்ட் தானாகவே அங்கே கொண்டுபோய் விடுகிறது. போர்டின் பின்பக்கம், சிப்புக்கு நேர் கீழே, கெப்பாசிட்டர்களுக்கென்று ஆறு இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெரிய பாலிமர் கெப்பாசிட்டரை வைக்கலாம், அல்லது பத்துப் பொடி செராமிக் கெப்பாசிட்டர்களை வைக்கலாம். பெரியது நிறைய மின்னூட்டத்தைச் சேமிக்கும், ஆனால் மிக வேகமான ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்காது. பொடிசுகள் குறைவாகச் சேமித்தாலும் அந்த அதிவேகச் சலசலப்பை அடக்கும். சிப்பின் தேவை ஒரு நொடியின் மிகச் சிறிய துளியில் ஏறி இறங்கும்போது, வோல்டேஜ் ஒரு கணம் சரிந்தாலும் கணக்கு தப்பும், விளையாட்டு நிற்கும்.

சிலர் ஆறு இடத்திலும் பெரியதையே வைத்தார்கள். அசுஸ் தன் டஃப் கார்டில் ஆறிலும் பொடிசுகளை வைத்தது. ஈவிஜிஏ கம்பெனி வெளிப்படையாகவே சொன்னது: ஆறும் பெரியதாக வைத்த போர்டு எங்கள் சோதனையில் தேறவில்லை, அதனால் நான்கு பெரியது, இருபது பொடிசு என்று மாற்றினோம், கார்டு தாமதமானது அதனால்தான் என்று. பிறகு என்விடியா புது டிரைவர் விட்டு வேகத்தின் உச்சத்தைக் கொஞ்சம் மழுங்கடித்து, பிரச்சினையை அடக்கியது. கெப்பாசிட்டர் மட்டுமே காரணம் என்று சொன்னவர்களும் அவசரப்பட்டவர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும் என்ற பழக்கம் சாதாரண வாடிக்கையாளனுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இதற்கெல்லாம் எதிரணி அசையாது என்று தெரியும். இன்னொன்று சொல்கிறேன். ஆர்டிஎக்ஸ் 5090, 2025 ஜனவரி. 575 வாட். ஒரே பிளக். அதில் 12 வோல்ட் வருகிற கம்பிகள் ஆறு. மொத்தம் ஏறத்தாழ 48 ஆம்பியர், கம்பிக்கு எட்டு. ஒரு பின் தாங்கும் என்று விதித்திருப்பது 9.5. சமமாகப் பிரிந்தால் தப்பிக்கலாம், இல்லையென்றால் பிளக் உருகும். சமமாகப் பிரிகிறதா? ஆறு கம்பியும் போர்டுக்குள் நுழைந்த உடனே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. எந்தக் கம்பியில் எவ்வளவு வருகிறது என்று பெரும்பாலான கார்டுகளுக்கே தெரியாது. ஜெர்மனிக்காரர் ஒருவர், ரோமன் ஹார்ட்டுங், 'டெர்பவுவர்' என்ற பெயரில் திரவ நைட்ரஜன் ஊற்றி ஓவர்கிளாக் செய்து பேர் வாங்கியவர், கம்பி கம்பியாக அளந்தார். ஒரு கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடியது. 'பில்ட்ஸாய்ட்' என்ற பெயரில் போர்டுகளைப் பிரித்து விளக்குகிற இன்னொருவர், முந்தைய 3090 டிஐ கார்டில் கம்பிகள் மூன்று கூட்டமாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததையும், பிறகு வந்த கார்டுகளில் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டதையும் எடுத்துக் காட்டினார். இருவரும் யார்? ஓவர்கிளாக் பைத்தியங்கள். அக்கா சொன்ன அதே அழிவுக் கூட்டம்!

ஒரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்டில் ஷண்ட் ரெசிஸ்டர் என்று ஒன்று உண்டு. அதில் விழும் சிறு வோல்டேஜை வைத்துத்தான் கார்டு தன் செலவை அளக்கிறது. அதன் தலையில் அதே மதிப்புள்ள இன்னொன்றை ஈயம் வைத்து ஏற்றினால், தடை பாதியாகும், கார்டு தான் பாதிதான் சாப்பிடுவதாக நம்பும். ஓவர்கிளாக் போட்டிக்குப் போகிறவன் செய்யட்டும். தினமும் வேலை பார்க்கிற கார்டில் இதைச் செய்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அளவுகோலையே பொய் சொல்ல வைத்த பிறகு எதைக் கற்றுக்கொள்வது?

மூன்றாவது, கரண்ட் பில். அக்கா, இங்கேதான் நீங்கள் எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள். 333 வாட் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வோல்டேஜ் இறங்கும், செலவு மளமளவென்று குறையும். 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-ன் மின்செலவை 70 சதவீதத்தில் பூட்டி ஓட்டினாலும் இழக்கும் வேகம் பெரும்பாலும் சில சதவீதம்தான். வோல்டேஜையே இறக்கி ஓட்டுவதை அண்டர்வோல்ட் என்கிறோம். அதே எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருள், அதே வோல்டேஜ்-வேக வளைகோடு, அதே சோதனை, அதே பொறுமை. மேலே ஏற்றத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் எவ்வளவு இறக்கலாம் என்று தெரியும். ஏசி இல்லாத அறையில், மே மாதத்தில், கதவைச் சாத்திக்கொண்டு ரெண்டரிங் போடுகிற பையனைக் கேளுங்கள், 135 வாட் குறைவது என்றால் என்ன என்று சொல்லுவான்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே கேள்வி. 5090-ல் பார்த்த அந்தப் புதுரகப் பிளக் உருகிப்போன வாடிக்கையாளர்களில் ஓவர்கிளாக்கே செய்யாதவர்களும் இருந்தார்கள். கார்டைத் தொடாதே, கம்பெனி சொன்னபடி இரு என்ற உங்கள் அறிவுரையை ஒரு எழுத்து பிசகாமல் கேட்டவர்கள் அவர்கள். கம்பியில் 20 ஆம்பியர் ஓடுவதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னது உங்கள் அணியா, எங்கள் அணியா? இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம்பி தன் பேச்சைத் தொடங்கட்டும்.