சிரிப்பும் சட்டமும்



ஆள்வோரைக் கண்டு நகைப்பது குடிமக்களின் உரிமைகளுள் ஒன்று. அமெரிக்க நாட்டில் அவ்வுரிமையை நன்கு பயன்படுத்தியவர் தாமஸ் நாஸ்ட் என்னும் கேலிச்சித்திரக்காரர். நியூயார்க் நகர ஆட்சியைக் கைக்குள் அடக்கிப் பொதுப்பணத்தைச் சூறையாடிய ட்வீடு என்பவரை, 1871-ஆம் ஆண்டில் அவர் தொடர்ந்து கேலியாக வரைந்தார். ட்வீடு சிறைப்பட்டார், பின்னர் தப்பி ஸ்பெயின் நாட்டுக்கு ஓடினார். 1876-இல் அங்கே அவரைக் காட்டிக்கொடுத்ததும் நாஸ்டின் சித்திரமே! ஆயினும், ட்வீடு வீழ்ந்தாரேயன்றி, அவரை வளர்த்த டம்மனி மன்றம் வீழவில்லை. அதன் செல்வாக்கு இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது.

அதே 1876-ஆம் ஆண்டில், நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவர் நகைத்தது தனியொரு மனிதரைக் கண்டு அன்று. ஒரு முறையைக் கண்டு.

அந்நாளில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அடங்கியிருந்தது. அங்கு வேளாளருள் ஒரு பிரிவினர் மருமக்கள்வழியைப் பின்பற்றினர். ஒருவன் இறந்தால் அவன் சொத்து அவனுடைய சகோதரியின் பிள்ளைகளைச் சேரும். அவனுடைய மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்ற பெயரால் ஒரு சிறு பகுதியே கிட்டும். நேற்றுவரை வீட்டுக்காரியாக இருந்தவள் இன்று குழந்தைகளுடன் வாசலில் நிற்பாள். காரணவர் எனப்பட்ட குடும்பத் தலைவரோ, கேட்பாரற்ற சிற்றரசர்.

இக்கொடுமையைக் கண்டு கவிமணி சினந்து எழுதவில்லை, சிரித்து எழுதினார். 'தமிழன்' இதழில் 1917-ஆம் ஆண்டு முதல் 'மருமக்கள்வழி மான்மியம்' வெளிவந்தது. மான்மியம் என்பது தலங்களின் பெருமை பேசும் நூல். அந்தப் பெருமைக்குரிய பெயரை ஒரு சிறுமைக்குச் சூட்டியதே முதல் நகைச்சுவை. காரணவரின் ஐந்தாம் மனைவி தன் துயரக் கதையைத் தானே சொல்கிறாள். 'மாமி அரசியற் படலம்' என்று ஒரு பகுதி. ஒரு வீட்டுக்குள் நடக்கும் கொடுங்கோலாட்சியை அது காட்டுகிறது. வழக்காடியே குடும்பம் அழிந்த கதைக்குக் 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்று பெயர். படித்தவர் சிரித்தனர், சிரித்த பின்னர், தம் வீட்டுக் கதையன்றோ இது என்று நாணினர்.

ஒரு நூலே சட்டத்தை ஆக்கிவிட்டது என்று சொன்னால் மிகையாகும். கூட்டம் கூடியவர்களும், அரசுக்கு முறையிட்டவர்களும், சட்டசபையில் வாதாடியவர்களும் பலர். ஆனால் அவர்கள் பேச்சைக் கேட்கும் செவிகளைப் பண்படுத்தியது அச்சிரிப்பே. 1926-இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. மனைவி மக்களின் உரிமைக்குச் சட்டம் துணைநின்றது.

தீயவர் ஒருவரை எள்ளி வீழ்த்தினால், அவர் இருக்கையில் மற்றொருவர் வந்து அமரக்கூடும். தீய முறையை எள்ளித் திருத்தினால், அதன் பயன் தலைமுறைகளுக்கும் நிற்கும். ஆகவே, செய்தித்தாளில் அரசியல் கேலியைக் காணும்போது, இது ஆளைச் சுடுகிறதா, முறையைச் சுடுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இன்று மான்மியத்தைக் கையில் எடுக்கும் மாணவர், "காரணவர் என்றால் யார்?" என்று கேட்கிறார், அந்நூலுக்கு விளக்கவுரை தேவைப்படுகிறது. கவிமணி பெற்ற வெற்றிக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?