மாலைப் பொழுது யாருக்குச் சொந்தம்?

(தொழிற்சங்க ஊழியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டத்தைச் சற்று நிறுத்துங்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள், கைபேசியை ஒதுக்கி வையுங்கள் என்ற அறிவுரை இன்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பு அதைச் சொல்கிறது, மருத்துவர் சொல்கிறார், கைபேசி விற்கும் நிறுவனமே விளம்பரத்தில் சொல்கிறது. அறிவுரையில் பிழை ஏதும் இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கும் மகள், பழைய கதையை மூன்றாவது முறையாகச் சொல்லத் தொடங்கும் வயதான தாய், அடுப்படியில் நின்றபடியே நடக்கும் பேச்சு, விளக்கை அணைத்த பிறகும் அடங்காத பிள்ளைகளின் சிரிப்பு: மனிதர் உழைப்பதே இவற்றுக்காகத்தான்.

ஆனால் அந்த அறிவுரைக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. நேரம் என்பது கேட்பவரின் கையில் இருக்கிறது, அவர்தான் அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாமல் வீணாக்குகிறார் என்பதே அந்த அனுமானம். விடியும் முன் நிறுவனப் பேருந்தில் ஏறி இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் ஆயத்த ஆடைத் தொழிலாளியிடம் "நிதானமாக வாழுங்கள்" என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? அவருடைய நிதானம் அவருடைய வீட்டில் இல்லை. அது ஆலையின் நேரப் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே மாலைப் பொழுதைப் பற்றிய பேச்சு, வேலை நேரத்தைப் பற்றிய பேச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போராடிப் பெற்ற ஞாயிறு

இந்தியத் தொழிலாளி வர்க்கம் ஊதியத்துக்காக மட்டும் போராடியதில்லை. சிகாகோ வீதிகளில் 1886 மே மாதம் எட்டு மணி நேர முழக்கம் எழுவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1862இல் ஹவுரா ரயில் தொழிலாளர்கள் சுமார் 1,200 பேர் எட்டு மணி நேர வேலை கோரி வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கம் என்ற சொல்லே பழக்கத்துக்கு வராத காலம் அது.

பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். 5,500 தொழிலாளர்கள் கையெழுத்திட்ட கோரிக்கை மனுவின் முதன்மையான கோரிக்கைகளுள் வார விடுமுறையும் நண்பகலில் அரை மணி நேர ஓய்வும் அடங்கும். ஆறு ஆண்டுகள் தொடர்ந்த கிளர்ச்சிக்குப் பிறகு, 1890 ஜூன் 10 அன்று பம்பாய் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். இன்று வீடுகளில் சற்றுத் தாமதமாக விடியும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் அந்த ஆறு ஆண்டுகள் நிற்கின்றன.

அடுத்து வந்ததும் கவனிக்கத் தக்கது. சூரியன் உதிக்கும்போது தொடங்கி மறையும்போது நின்றுகொண்டிருந்த பம்பாய் ஆலைகளில் 1905 வாக்கில் மின்விளக்கு வந்தது. வீட்டை ஒளிரச் செய்திருக்க வேண்டிய கண்டுபிடிப்பு ஆலையின் வேலை நாளைத்தான் நீட்டியது. 14, 15 மணி நேரம் வரை தொழிலாளர்கள் தறியின் முன் நிறுத்தப்பட்டனர். அதற்கு எதிராக எழுந்த கொந்தளிப்பின் பின்னணியில்தான் 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வயது வந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு முதன்முறையாக 12 மணி என்று வரம்பு கட்டியது.

1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தபோது, காலனி இந்தியாவுக்கு 60 மணி நேர வாரம் என்ற விலக்கு அளிக்கப்பட்டது. 1922இல் 60 மணி, 1934இல் 54 மணி, 1946இல் 48 மணி என்று ஒவ்வொரு படியாகவே வாரம் சுருங்கியது. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 48 மணி நேர வாரத்தையும் ஒன்பது மணி நேர அன்றாட வரம்பையும் மிகை நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியத்தையும் உறுதி செய்தது. 1862இலிருந்து எண்ணினால் 86 ஆண்டுகள். தொழிலாளியின் மாலைப் பொழுதுக்கு இத்தனை நீண்ட வரலாறு இருக்கிறது.

மின்விளக்குக்குப் பிறகு கைபேசி

அந்த வரலாறு இப்போது பின்னோக்கித் திருப்பப்படுகிறது. அன்று மின்விளக்கு செய்ததை இன்று கைபேசி செய்கிறது. அலுவலகம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் மேலாளரின் கட்டளை இரவு பதினோரு மணிக்கும் வருகிறது. பிரான்சில் 2017 முதல் பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இங்கு 2018இல் மக்களவையில் தனிநபர் மசோதாவாக முன்வைக்கப்பட்ட அதே உரிமை சட்டமாகவில்லை.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசினார். வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது என்னும் பொருளில் அவர் கேட்ட கேள்வி நாடெங்கும் கண்டனத்துக்கு ஆளானது. அது வாய்தவறி வந்த சொல் என்று ஒதுக்கத் தக்கதன்று. உழைப்பாளியின் வீடு, மூலதனத்தின் கணக்கில், வேலையில்லாத வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்புவதே அதன் நோக்கம்.

பேச்சோடு அது நிற்கவில்லை. கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்தது. குஜராத் 2025இல் அவசரச் சட்டத்தின் மூலம் அதையே செய்தது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய அத்தகைய மசோதா, இடதுசாரிக் கட்சிகள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றின் எதிர்ப்பால் உடனே நிறுத்தி வைக்கப்பட்டு மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தால் தடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறவில்லை, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுப்புத்தானே என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். கணக்கிட்டுப் பார்க்கலாம். வேலை 12 மணி, போக்குவரத்து இரண்டு மணி, உறக்கம் ஏழு மணி. எஞ்சுவது மூன்று மணி. குளிப்பதும் சமைப்பதும் தண்ணீர் பிடிப்பதும் துணி துவைப்பதும் அந்த மூன்று மணிக்குள் அடங்க வேண்டும். பிள்ளைக்குச் செவ்வாய்க்கிழமை வரும் காய்ச்சலை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைக்க முடியாது. தாயின் மடி அன்றாடம் தேவைப்படுவது. வார இறுதியில் மொத்தமாகத் தீர்க்கப்படும் பாக்கி அன்று.

உடலும் அதைப் பொறுப்பதில்லை. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் இணைந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ நீளும் உழைப்போடு தொடர்புடைய பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டனர்.

ரயில் ஓட்டுநர்களின் கோரிக்கைகளைப் படித்தால் இந்தப் பிரச்சினையின் உள்ளடக்கம் விளங்கும். தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் இரவுப் பணி கூடாது, புறப்பட்ட 48 மணி நேரத்துக்குள் தலைமையிடம் திரும்ப வேண்டும், பணி முடிந்தபின் தரப்படும் 16 மணி நேர ஓய்வோடு 30 மணி நேர வார ஓய்வைத் தனியே சேர்த்து 46 மணி நேரம் தர வேண்டும் என்பன அவை. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையை முன்வைத்துத்தான் 1974 மே மாதத்தின் மாபெரும் ரயில்வே வேலைநிறுத்தத்திலும் அவர்கள் நின்றார்கள். பயணிகளின் பாதுகாப்பு அவற்றில் ஒரு பாதி. மறுபாதி, தந்தையை வீட்டில் விழித்த நிலையில் காணும் பிள்ளைகளின் உரிமை.

ஞாயிற்றின் கூடையைச் சுமந்தவர்

தோழர்களே, இனி கேள்வி வீட்டுக்குள் நுழைகிறது. நேரம் கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? கிடைத்த நேரம் வீட்டில் யாருக்குப் போகிறது?

லண்டன் சோஹோ பகுதியில் வறுமையில் வாழ்ந்த காலத்தில் மார்க்ஸ் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டு வெளிக்கு நடந்து போகும் வழக்கத்தை வில்ஹெல்ம் லீப்னெக்ட் நினைவுக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். அங்கே ஓட்டமும் விளையாட்டும் பாட்டும் இருந்தன. மகள் எலினாருக்கு மார்க்ஸ் மாதக் கணக்கில் தொடர்ந்து சொன்ன கதை ஒன்று உண்டு: ஹான்ஸ் ரோக்லே என்ற மாயப் பொம்மைக் கடைக்காரர், கடனை அடைக்க முடியாமல் தம் பொம்மைகளைச் சாத்தானுக்கு விற்க நேர்கிறது, ஆனால் பல சாகசங்களுக்குப் பின் பொம்மைகள் கடைக்கே திரும்பி வந்துவிடுகின்றன. 'மூலதனம்' நூலில் வேலை நாள் குறித்து அத்தனை நீண்ட அத்தியாயத்தை எழுதியவர், தமக்கென்று ஒரு ஞாயிறையும் வைத்திருந்தார்.

ஆனால் அதே நினைவுக் குறிப்பில் உணவுக் கூடையும் வருகிறது. அதை ஆயத்தம் செய்தவர் வீட்டுப் பொறுப்பைச் சுமந்த ஹெலன் டெமுத். ஒருவருடைய ஓய்வுக்கு அடியில் இன்னொருவருடைய உழைப்பு இருந்தது.

இந்தியாவில் அந்தக் கூடை இன்றும் பெண்ணின் தலையில்தான் இருக்கிறது. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர். 2024இல் அது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகக் குறைந்திருக்கிறது! இதுவும் வேலையில் கை வைப்போரின் சராசரி மட்டுமே. 2019 கணக்கின்படி வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர்.

குடும்பத்தோடு இனிமையாக உட்கார்ந்து உண்பது என்று ஆண் சொல்லும்போது, அந்த உணவை ஆக்கி, பரிமாறி, பாத்திரம் துலக்கி, எல்லோரும் எழுந்த பின் உண்பவர் யார் என்ற கேள்வி எழ வேண்டும். ஆணின் மாலை நிதானமாகி, பெண்ணின் மாலை இன்னும் பரபரப்பானால், அங்கே குடும்பம் இளைப்பாறவில்லை. ஒருவர் மட்டுமே இளைப்பாறுகிறார். வெங்காயம் உரிப்பதும் தண்ணீர் பிடிப்பதும் குழந்தைக்குத் தலை வாருவதும் 'உதவி' அல்ல. வீட்டின் வேலை, ஆகவே வீட்டார் அனைவரின் வேலை. அந்த வேலையைச் சேர்ந்து செய்யும்போதுதான் பேச்சும் சிரிப்பும் கூடவே வருகின்றன.

இதைத் தனிமனித நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடவும் முடியாது. 1919இல் லெனின், பொது உணவகங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும் மழலையர் பள்ளிகளையும் கம்யூனிசத்தின் தளிர்களாகக் கண்டார். பெண்ணை வீட்டு வேலையின் அடிமைத்தனத்திலிருந்து நடைமுறையில் விடுவிப்பவை அவை என்பதே அவரது வாதம். வீட்டு வாசலில் குடிநீர்க் குழாய் வந்தால் பெண்ணுக்கு நேரம் பிறக்கிறது. அங்கன்வாடி மாலை வரை இயங்கினால் நேரம் பிறக்கிறது. அங்கன்வாடி ஊழியருக்கும் மதிப்பூதியத்துக்குப் பதில் முறையான ஊதியம் கிடைத்தால் அந்த நேரம் நியாயமான நேரமாகிறது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் திருத்தச் சட்டம் வகுத்தது. அதைச் செயல்படுத்த வைப்பது தொழிற்சங்கத்தின் அன்றாடப் பணியாக வேண்டும்.

இயக்கத்தின் கடிகாரம்

கடைசியாக, இயக்கத்துக்குள்ளும் ஒரு கேள்வி உண்டு. எட்டு மணி நேர வேலைக்காக முழங்கும் ஊழியர் பதினான்கு மணி நேரம் வெளியே இருக்கிறார். ஆறு மணிக்கு அறிவிக்கப்பட்ட கிளைக் கூட்டம் ஏழரைக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு முடிகிறது. பிள்ளைகள் அவரை உறங்கும் நிலையிலேயே காண்கிறார்கள். தியாகம் இல்லாமல் இயக்கம் வளர்ந்ததில்லை. அடக்குமுறைக் காலங்களில் தோழர்கள் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்தார்கள். ஆனால் போராட்டத்தின் தேவைக்காகப் பிரிந்திருப்பது வேறு. தாமதமாகத் தொடங்கும் கூட்டத்துக்காகப் பிரிந்திருப்பது வேறு. பின்னதில் தியாகம் ஏதுமில்லை, ஒழுங்கின்மைதான் இருக்கிறது.

இரவில் நீளும் கூட்டம் பெண் தோழர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்பதையும் மறக்கலாகாது. குறித்த நேரத்தில் தொடங்கி முடியும் கூட்டங்கள், மாநாட்டுப் பந்தலில் குழந்தைகளுக்கென்று ஓர் இடம், மாதத்தில் ஒரு ஞாயிறேனும் கூட்டமில்லா நாள்: இவற்றைக் கிளைகளே முடிவு செய்து நடைமுறைப்படுத்தலாம். மேலிருந்து சுற்றறிக்கை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டிலும் பெரிய திட்டம் தேவையில்லை. நாளில் ஒரு வேளையாவது அனைவரும் ஒன்றாக உண்பது, அந்த நேரத்தில் கைபேசிகள் அலமாரியில் இருப்பது, பிள்ளை பேசும்போது இடைமறிக்காமல் கேட்பது, பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் இருக்கும்போதே கேட்டறிவது போதும். இவற்றுக்குப் பணம் வேண்டாம். ஆனால் நேரம் வேண்டும். நேரம் வேண்டுமானால் சட்டமும் சங்கமும் வேண்டும்.

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வரம்பு எந்தப் பெயராலும் தளர்த்தப்படக் கூடாது. பணி நேரத்துக்குப் பின் அழைப்பை மறுக்கும் உரிமை சட்டமாக வேண்டும். உணவு சுமந்து ஓடும் செயலித் தொழிலாளருக்கும் வீட்டு வேலைத் தொழிலாளருக்கும் வார விடுமுறை வேண்டும். இக்கோரிக்கைகளை ஆலை வாயிலில் முழங்கும் ஒவ்வொரு தோழரும், வீட்டு வாயிலுக்குள் நுழைந்ததும் தம் பங்கு வேலையைக் கையில் எடுக்க வேண்டும். லோகண்டேயும் பம்பாய்த் தொழிலாளர்களும் ஆறு ஆண்டுகள் போராடி ஒரு நாளை மீட்டார்கள். மாலைப் பொழுதுகளை மீட்கும் பணி இந்தத் தலைமுறையினுடையது.